மூன்று வாரமும் ஆஃப்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல. நரம்பியல் பிரிவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது, அறைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "அப்போ மூணு வாரமா ஆஃப்லயா இருந்துச்சு?" அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவளுக்குத் தையல் கடை. பதினொரு வருடமாக வலிப்பு. நான்கு வகை மாத்திரைக்கும் அது மசியவில்லை. கணவர் பஸ் கண்டக்டர். [இவரை ரொம்ப நல்லவராகக் காட்டாதே என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். எப்படி எழுதினாலும் நல்லவராகவே வந்து நிற்கிறார், என்ன செய்ய?]

வீட்டில் ஒரு சட்டம். அவள் குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. குளித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு நின்றால் கண்டக்டர் உள்ளே பாய்வார். கண்ணில் சோப்பு பட்டு நிறுத்திய நாளிலும் பாய்ந்திருக்கிறார்.

"ஒரு மனுஷி நிம்மதியா குளிக்கக்கூட முடியலையே!" என்று அவள் அழுதிருக்கிறாள்.

3

கடைசியில் மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, கழுத்தடியில் காலர் எலும்புக்குக் கீழே பேட்டரி வைத்தார்கள். கம்பியில் போகும் மின்சாரம் வலிப்பைக் குறைக்கும் என்றார்கள். மின்சாரம் பாயும்போது அவளுக்குள்—

(ஆறு முறை தொடங்கிவிட்டேன். எனக்கென்ன தெரியும்? விடுகிறேன்.)

மூன்று வாரம் வலிப்பே வரவில்லை. வீடு திரும்பிய நான்காம் நாளே அவள் கதவைத் தாழிட்டாள். பாடவுமில்லை. வெளியே கண்டக்டர் அந்தப் பேட்டரிக்கு மனதார நன்றி சொன்னார்.

4

"வாங்க, இன்னைக்கு பேட்டரியை ஆன் பண்ணிடலாம்," என்றார் நர்ஸ்.

அப்போதுதான் அவள் கேட்டாள், நான் வெளியிலிருந்து கேட்ட அந்தக் கேள்வியை.

"ஆமாம்மா. காயம் ஆறட்டும்னு விட்டிருந்தோம். டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொன்னோமே.* ஆபரேஷன் பண்ணதுலயே சிலருக்கு வலிப்பு கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். இனிமே கரண்ட்டை மெல்ல மெல்ல ஏத்துவோம். பலன் தெரிய மாசக்கணக்காகும்."

*சொன்னார்கள்தான். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இருவர் காதிலும் ஏறவில்லை.

5

வீடு. அவள் துண்டை எடுத்தாள்.

"இன்னைக்கு மட்டும் தாழ் போடாதம்மா."

"ஆஃப்ல இருந்தப்பவே போட்டேன். ஆன் பண்ணப்புறம் போடக்கூடாதா?"

"அது வேற..."

"என்ன வேற?"

கண்டக்டர் குளியலறை வாசல்வரை பின்னாலேயே வந்தார். நானும்தான்.

[முடிவு ஒன்று: அவள் பாடுகிறாள். அடித்துவிட்டேன், அவள் விட்டுக்கொடுப்பதை எழுத மனம் வரவில்லை. முடிவு இரண்டு: உள்ளே ஏதோ விழுகிறது. அதையும் அடித்தேன், பயமாக இருந்தது.]

தாழ் போடும் சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. பாட்டில்லை. பிறகு குழாயும் நின்றது.

பதினொரு வருடமாக இந்த அமைதிக்கு அவர் வீட்டில் ஒரே அர்த்தம்தான். தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார். தட்டி, அவள் நன்றாக இருந்தால், அந்த அழுகையை மறுபடி கேட்க வேண்டும். தட்டாமல் விட்டு—

என்னால் முடியாது. நான் பேனாவை மூடிவிட்டு எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள். தட்டச் சொல்வதென்றால் இப்போதே சொல்லுங்கள். உள்ளே இன்னும் சத்தமில்லை.