கோமாளியின் கை

ஸ்ம்ருதியின் உச்சந்தலை கோமாளியின் உள்ளங்கையில் போய் முட்டியது. வரிசையில் நின்றவர்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள்.

"பாரேன் சின்னு! தீபாவளி லீவுல வந்தப்ப அந்த மஞ்சக் கம்பிகிட்ட நின்னு ஹைட் பத்தலைன்னு என்ன அழுகை அழுதா. அதுக்குள்ள வளந்துட்டா!" அம்மா ரமாவுக்கு வாயெல்லாம் பல்.

ரமாவின் தங்கை சின்மயிக்கும் பூரிப்புதான். அந்த மரக் கோமாளியை மறுபடி சுவரில் ஏற்றியவளே அவள்தானே.

வண்டலூரைத் தாண்டி ஒதுங்கிக் கிடந்த அந்தப் பூங்காவின் பெயர் கனவுத்தீவு. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றாலே அதுதான். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அதை மறக்க முடியாத சிலர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி, ராஜ வம்சங்களைப் பிரிப்பதுபோல அதன் சரித்திரத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். கோமாளி நின்றது கோமாளி காலம். செயற்கை அலை வந்தது அலைக்குளக் காலம். புது முதலாளி வந்து எல்லார் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டத் தொடங்கியது பட்டைக் காலம். அதைப் பற்றிக் குழுவில் யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கொலம்பஸ் என்கிற அந்தப் பெரிய கப்பல் ஊஞ்சலுக்கு முதலில் அடித்தது பச்சையா நீலமா என்று நடந்த சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

இந்த ஆண்டுவிழாவுக்கு ஒரே ஒரு நாள் கோமாளி காலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. கிடங்கில் தேடியபோது கோமாளி அகப்பட்டது. கொலம்பஸ் வாசலில் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்று பிள்ளைகளின் உயரம் பார்த்த அதே கோமாளி. தலை கையில் தட்டினால் ஏறலாம். தட்டாவிட்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பலாம். அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வி வந்ததும், குழுவில் எதையும் அளந்து பார்க்கிற சின்மயியிடம் விட்டுவிட்டார்கள். அவள் சுவரைச் சுரண்டி, சுண்ணாம்புக்கு அடியில் பழைய போல்ட் துளைகளைக் கண்டுபிடித்தாள். "அதே ஓட்டைதான். ஒரு விரக்கடைகூட நகரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் பழைய படங்களோடு ஒப்பிட்டும் பார்த்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறி, குரோம்பேட்டை தாண்டியதும் பூட்டினோமா என்று அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிற சுபாவம் அவளுக்கு.

"வா செல்லம், கடைசி வரிசைக்கு! கோமாளி காலத்து ஆளுங்க வாலுலதான் உக்காருவோம்." குழுவின் தலைவர் சம்பத் குழந்தையைக் கூட்டிக்கொண்டு படியேறினார். கீழ்க்கட்டளையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆஜானுபாகுவான ஆள்.

"அண்ணா, பாத்துக்குங்க," என்றாள் ரமா.

"என் பக்கத்துல உக்காந்தா என்னம்மா பயம்? கப்பல் பறந்தாலும் நான் பறக்க மாட்டேன். பாடி அப்படி!"

வரிசை முழுவதுக்கும் சேர்த்து ஒரே இரும்புக் கம்பி மடிமேல் இறங்கியது. ஒலிபெருக்கியில் பழைய பாட்டு அலறியது. பொத்தானை இயக்கும் லோகநாதன் மணியடித்தார். கப்பல் அசைந்தது.

படம் எடுக்கலாம் என்று சின்மயி பின்னால் நகர்ந்தாள். முதுகில் ஒரு பிளெக்ஸ் இடித்தது. குழுவினர் பழைய படங்களைப் பெரிதாக்கி வரிசை நெடுகக் கட்டியிருந்தார்கள். இது கோமாளி படம். சுவரில் கோமாளி, அதன் சிவப்புச் சப்பாத்துக் கால்களுக்குக் கீழே ஒரு செவலை நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குழுவில் இந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் எல்லாரும் நாய்க்குத்தான் முத்தம் அனுப்புவார்கள்.

அவள் திரும்பி, சுவரில் இருந்த கோமாளியைப் பார்த்தாள். சிவப்புச் சப்பாத்து தரையை உரசிக்கொண்டு நின்றது.

நாய் எங்கே படுக்கும்?

படம் எடுத்த கோணமாக இருக்கும் என்று நினைத்தாள். குட்டி நாயாக இருக்கும். கிட்டே போய்க் குனிந்து சப்பாத்துக்கு அடியில் கையை விட்டாள். விரல்கள் மட்டும்தான் நுழைந்தன. கீழே வழவழப்பான சிமெண்ட் கற்கள். பட்டைக் காலத்தில் மண் கொட்டி மேடாக்கிப் பதித்த கற்கள். துளை அதே துளைதான். தரைதான் அதே தரை இல்லை. தரை உயர்ந்தது; தரையோடு பிள்ளைகளும் உயர்ந்துவிட்டார்கள்.

ஸ்ம்ருதி வளரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கம்பி சம்பத்தின் தொடைமேல்தான் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொடையின் உயரத்துக்குக் கீழே அது இறங்காது. குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகலாம்.

கத்த வேண்டும். ஆனால் போன மாதம்தான் ஓடுகிற பஸ்ஸில் புகை வருகிறது என்று அலறி, பெருங்களத்தூரில் மொத்தப் பேரையும் இறக்கிவிட்டாள். முன்னால் போன வண்டியில் யாரோ போட்ட சாம்பிராணிப் புகை அது. இப்போதும் தப்பாக இருந்தால்? இத்தனை பேர் முன்னால்?

கப்பல் இன்னும் ஒரு படி மேலே போனது.

"லோகநாதன் அண்ணா! நிறுத்துங்க! குழந்தை சின்னது!"

"இன்னாம்மா? கோமாளி ஓகேன்னுச்சே!"

"கோமாளி தப்பு! நிறுத்துங்க!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. பொத்தானை அமுக்கினார். "அமுக்கிட்டேன்மா. ஆனா டக்குனு நிக்காது. வேகமா போய்கினு கீது, ஆடி ஆடித்தான் அடங்கும்."

இப்போது சம்பத்துக்குத் தெரிய வேண்டும். பாட்டில் குரல் எடுபடாது. சின்மயி கப்பலின் வால் பக்கம் ஓடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசினாள்.

மேலே சம்பத் பார்த்தார். பல்லைக் காட்டிச் சிரித்தார். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். வரிசை முழுக்கத் தூக்கியது. ஸ்ம்ருதியும் தூக்கினாள்.

அதுதான் அவர்கள் வழக்கம். கீழே நிற்கிற ஆள் கையைத் தூக்கினால், வாலில் இருக்கிறவர்கள் கம்பியை விட்டுவிட வேண்டும். விடாதவன் பட்டைக் காலத்துப் பயல். எந்தச் சந்திப்பிலும் தவறாமல் சொல்லிச் சிரிக்கிற சட்டம். பதறிப்போன சின்மயி அதையேதான் செய்திருந்தாள்.

கப்பல் உச்சியில் ஒரு கணம் நின்றது. குழந்தையின் மஞ்சள் கவுனுக்கும் இருக்கைக்கும் நடுவே வானம் தெரிந்தது.

சின்மயி கைகளைக் கீழே இழுத்துத் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு தரையில் குந்தினாள். அது சைகையா, பயமா என்று அவளுக்கே தெரியாது. கண்ணை மூடவும் முடியவில்லை.

கப்பல் விழுந்தது. மறுபக்கம் ஏறியது. திரும்ப இந்தப் பக்கம் ஏறும்போது சம்பத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் எடை எழும்புவது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கை குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருந்தது. இன்னொரு கை கவுனை முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்தது. அவரைப் பிடிக்க யாரும் இல்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவர் வாய் திறந்து மூடியது, முருகா என்றிருக்கும். கப்பலோ அடங்குவேனா என்றது. ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக நின்றது. கம்பி மேலே போன பிறகும் சம்பத் எழுந்திருக்கவில்லை. கவுனைப் பிடித்த கை விறைத்துப் போயிருந்தது. லோகநாதன் மேலே ஏறி, "வுடு சார், வுடு, கொயந்த சேஃப்பா கீது" என்று சொல்லிச் சொல்லி விரல் விரலாகப் பிரித்துவிட்டார்.

ஸ்ம்ருதி அழவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"என்னடி ஆச்சு?" என்றாள் ரமா. சின்மயி நாயைக் காட்டினாள், சப்பாத்தைக் காட்டினாள், தரையைக் காட்டினாள். ரமா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"நீதான அளந்தே?"

"ஆமாக்கா."

ரமா குழந்தையோடு வாசலைப் பார்த்து நடந்துவிட்டாள். பின்னாலேயே ஓடத்தான் சின்மயிக்குக் கால் பரபரத்தது. ஆனால் அதற்குள் இன்னொரு பிள்ளை கோமாளியின் கைக்கு அடியில் வந்து நின்றுவிட்டது. வரிசையின் வாலில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்கள் கைதட்டினார்கள்.

சின்மயி குறுக்கே போய் நின்றாள். "இதுல ஏத்தாதீங்க சார். இது தப்பான அளவு. நான்தான் மாட்டினேன், நானே சொல்றேன்."

"என்ன மேடம் விளையாடுறீங்களா? காட்டாங்குளத்தூர்லேர்ந்து இதுக்குன்னே வந்திருக்கோம்," என்றார் பிள்ளையின் அப்பா. "காலையிலேர்ந்து எத்தனை பசங்க ஏறி இறங்கிட்டாங்க, என் பொண்ணுக்கு மட்டும் தப்பான அளவா?"

காலையிலிருந்து. சின்மயி அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வாசல் திறந்ததிலிருந்து அந்தக் கை எத்தனை தலைகளைத் தொட்டு மேலே அனுப்பியதோ. அவர்களில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்களோ. அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது ஐஸ்கிரீம் கடையிலும் அலைக்குளத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

பிறகு, படம் நன்றாக விழ வேண்டும் என்று காலையில் ஓரங்கட்டி வைத்த மஞ்சள் கம்பியை இழுத்து வந்தாள். கனமான கம்பி; சிமெண்ட் கற்களில் கிரீச்சிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை. அதை அந்தப் பிள்ளையின் அருகில் நிறுத்தினாள்.

கம்பியின் உயரக் கோடு பிள்ளையின் தலைக்கு வெகு மேலே நின்றது.

அந்த அப்பா கோட்டைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து விறைத்துப்போன விரல்களை இன்னும் நீவிவிட்டுக்கொண்டிருந்த சம்பத்தைப் பார்த்தார். குனிந்து, இடுப்பில் சுமக்கிற வயதைத் தாண்டிவிட்ட மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.