எதிர்ப்பக்க வரிசையில் தர்மா

முந்நூறு குடும்பம்... முந்நூறு பேர் என்று சொல்லிவிடக்கூடாது, குடும்பம் என்றால்தான் கேட்கிறவர் மனத்தில் பிள்ளைகளும் வந்து நிற்கும், அப்படித்தான் கம்பெனி வக்கீல் லக்ஷ்மிப்ரியா சொல்லிக்கொடுத்திருந்தாள், 'போலி' என்ற வார்த்தையும் வாயில் வரக்கூடாதாம், "போலின்னு இன்னும் யாரும் தீர்ப்பு சொல்லலக்கா, சர்ச்சைக்குரிய சாமான், அவ்வளவுதான்," என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள், கலாதேவிக்கு அந்தச் சொல் நாக்கில் தங்கவே மாட்டேன் என்றது. சர்ச்சைக்குரிய... சர்ச்சை என்ன சர்ச்சை, கமுந்திங் பெக்டரியில் அவள் பதினேழு வருஷமாகக் கையில் பிடித்துக் கசிவு பார்த்து அனுப்பிய அதே பிரேக் பம்பு, அதே உருவம், அதே வளைவு, எங்கிருந்தோ கப்பலேறி மலிவாக வந்து கடை கடையாகத் தொங்கினால் அதற்குப் பேர் என்ன? வடிவம் எங்களுடையது என்று கம்பெனி வழக்குப் போட்டது, சரக்கு துறைமுகத்தில் நின்றது, அது தற்காலிகம்தான், நிரந்தரமாகத் தடை போடுவதற்கு முன்னால் அதனால் பொதுமக்களுக்கு நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமாம், அதற்குத்தான் ஈப்போவில் இந்த விசாரணை, இந்தக் குளிர்ந்த அறை, மேலே தூக்கிக் கட்டிய புரொஜெக்டர், தோளுக்கு நேராகக் காற்றடிக்கும் ஏர்கோன். பொதுமக்கள்... யார் அது? நான் இல்லையா? இரவு ஷிப்டை எடுத்துவிட்டதும் வேலை போய், இன்றைக்கு தைப்பிங்கில் யாருடைய கடையிலோ தட்டு மங்கு கழுவுகிற முத்தம்மா இல்லையா?

நடுவில் வழி விட்டு நாற்காலிகள் இரண்டு பக்கமாகப் போட்டிருந்தார்கள், இந்தப் பக்கம் தடை வேண்டும் என்கிறவர்கள், அந்தப் பக்கம் வேண்டாம் என்கிறவர்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் போல, அந்தப் பக்கத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை, பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் மனப்பாடம் கலைந்துவிடும். சாமான் இறக்கும் முதலாளி ஒருவர் பேசி முடித்தார். அதிகாரியம்மா, தலையில் தூடோங் துணி அணிந்த நடுவயதுக்காரர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு மலாயில் அடுத்த பெயரைப் படித்தார், தர்மா, ஆனாக் லெலாக்கி சன்னாசி. சன்னாசியின் மகன் தர்மா. கலாதேவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, பேராக்கில் எத்தனை சன்னாசி, எத்தனை தர்மா, தன் அப்பா பெயரும் தன் தம்பி பெயரும் இப்படி ஒன்றாக மாட்டிக்கொண்டு வருவது ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தாள், பிறகு அந்தப் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து எழுந்த ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நின்று நடந்தான், அந்த நடை, வலது தோளை முன்னால் தள்ளி நடக்கும் அந்த நடை... தம்பி. இவன் ஏன் இங்கே? இவன் ஏன் அந்தப் பக்கம்? முகம் ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது? கடைசியாக எப்போது பார்த்தாள், தீபாவளிக்கு, வந்து உட்கார்ந்தவன் தேத்தண்ணியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டான், அவள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான், "என்னடா, நீதான் மாப்பிள்ளையா?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தாளே, சிரித்தான், சாப்பிடாமலே கிளம்பினான், எல்லாம் மங்களம் வேலை, பொண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் என்று இந்த வருஷம் முழுக்க மங்களத்தின் மேல் கறுவிக்கொண்டு இருந்தாளே... இன்றைக்கு அரைக்கைச் சட்டை. இடது கையில், முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில் ஏதோ சுருண்டு படுத்திருப்பது போல நரம்பு புடைத்து நின்றது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நவமணி அக்காவின் கையில் பார்த்திருக்கிறாள். தெரியும், தெரியும், ஆனால் அது நவமணி அக்காவின் கை, இது தர்மாவின் கை, இது எப்படி இங்கே வரும்?

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு மலாயில் பேசினான், பள்ளிக்கூடத்தில் பேசுவது போல மெதுவாக, பிழையில்லாமல். சுங்கை சிப்புட்டில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவன் நான் என்றான். வாரத்தில் மூன்று நாள்! எத்தனை வாரமாக? பழைய எஸ்டேட் வீடுகளில் இருக்கிறவர்களுக்குப் பஸ் கிடையாது, நிலையத்து வேன்தான் ஏற்றி இறக்கும், வேன் பழசு, அதன் பிரேக் பம்பு போய்விட்டது, கமுந்திங் கம்பெனி அந்தப் பழைய மாடலுக்கு இப்போது செய்வதில்லை என்றார்கள், எப்போதும் வாங்கும் வெளிநாட்டுச் சாமான் துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள், வேனும் நின்றது. மோட்டார் சைக்கிளில் போகலாம், திரும்பி வரும்போது தலை சுற்றும், ஒருமுறை ரோட்டோரக் காண்டாவில், சாக்கடைக்குள் விழுந்தேன். இரண்டு தடவை போக முடியாமல் போனது, மூச்சு அடைத்தது, ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என்னோடு அதே வேனில் வந்த உடையப்பன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அதிகாரி நிமிர்ந்தார். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தர்மா அவசரமாகச் சொன்னான், வேன் நின்றதால்தான் அவர் செத்தார் என்று நான் சொல்லமாட்டேன், நான் டாக்டர் இல்லை, வேன் நின்றது, அவர் இல்லை, இரண்டும்தான் எனக்குத் தெரியும். கலாதேவியின் காதுக்குள் பெக்டரி மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், ஈப்போவில், போன மாதம்கூட அவள் ஈப்போவுக்கு வந்தாளே, கல்யாணச் சேலை எடுக்க, எத்தனை கடை ஏறி இறங்கினாள், அப்போதா? அவள் ஜரிகை பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தானா?

"குடும்பத்தில் யாரிடமாவது காரில் ஏற்றிப் போகச் சொல்லியிருக்கலாமே?" என்று அதிகாரி கேட்டார், நல்ல மனத்தோடுதான் கேட்டார். "மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது, புவான்," என்றான் தர்மா, சொல்லித் திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்தது. அவனும் அறிந்திருக்கவில்லை, அவள் இங்கே இருப்பாள் என்று கனவிலும் நினைத்திருக்கவில்லை, திருட்டில் அகப்பட்ட சின்னப்பையன் போல இடது கையைப் பின்னால் மறைத்தான், இத்தனை பேருக்குக் காட்டிய கையை அவளுக்கு மட்டும் மறைத்தான்.

அடுத்தது அவள் பெயர். கலாதேவி, ஆனாக் பெரெம்புவான் சன்னாசி. இரண்டு சன்னாசியையும் அதிகாரி சேர்த்துப் பார்த்தாரோ என்னவோ, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். லக்ஷ்மிப்ரியா முழங்கையைத் தொட்டு, "அக்கா, நீங்க ஓகேவா? நேரம் கேக்கவா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள், நேரம் கேட்டால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எழ முடியாது. மைக் அவன் கைச்சூட்டோடு இருந்தது. முந்நூறு குடும்பம் என்றாள். சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், இரவு ஷிப்ட் போனது, லைன்கள் நின்றது, முத்தம்மா மங்கு கழுவுவது, இந்தச் சாமான் இனியும் வந்தால் மிச்சம் இருக்கிறவர்களும் தெருவுக்கு வருவோம் என்பது, மனப்பாடம் செய்த வரிகள் யாருடைய வாயிலிருந்தோ வருவது போல வந்தன, ஒன்றும் பொய்யில்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது, ஒரு வரிகூடப் பொய்யில்லை. வேறு ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அந்த வேனுக்குக் கொடுங்க," என்றாள் தமிழில், பிறகு மலாயில், அந்த வேனுக்குப் பம்பு கொடுங்கள், நாங்களே செய்வோம், பழைய அச்சு இன்னும் ஸ்டோரில்தான் கிடக்கிறது, கம்பெனி செய்யச் சொன்னால் நாங்கள் செய்வோம், அதுவரைக்கும் துறைமுகத்தில் நிற்பதில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். லக்ஷ்மிப்ரியாவின் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் தடை வேண்டாம் என்கிறீர்களா, என்றார் அதிகாரி. வேண்டும். இரண்டும் எப்படி அம்மா? தெரியவில்லை, புவான். இரண்டும் வேண்டும்.

பிறகு அதிகாரி வக்கீலைப் பார்த்து, நோயாளி வண்டிகளுக்கு மட்டும் கம்பெனி தானே செய்து கொடுக்குமா, இல்லையென்றால் அவற்றுக்கு மட்டும் இறக்குமதியை விட்டுவிடச் சம்மதிக்குமா என்று கேட்டார், லக்ஷ்மிப்ரியா முதலாளிகளிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டாள், அவகாசம் கிடைத்தது, முடிவு பிறகு வரும் என்றார்கள், எல்லாரும் சாப்பிட எழுந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில் ஜன்னலோரம் தர்மா நின்றுகொண்டிருந்தான், கீழே கார்கள், தூரத்தில் வெயிலில் வெளுத்த சுண்ணாம்புக் குன்று. பக்கத்தில் போய் நின்றாள். திட்ட வேண்டும், அறைய வேண்டும், கட்டிக்கொண்டு அழ வேண்டும், எது முதலில் என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"சாப்புடுறேன்லா. தண்ணிதான் அளவு." அவன் சிரிக்கப் பார்த்தான். "நீ பேசுனது சரிதான்க்கா. உன் வேலை அது."

"எப்பத்திலேர்ந்துடா?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே."

"எனக்கு ஏண்டா சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்? மங்களம் சொல்லக்கூடாதுன்னுச்சா?"

"அவ பாவம், சொல்லு சொல்லுன்னு தினமும் சண்டை போட்டா. நான்தான் வேணாம்னேன்." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "உனக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பியா? என் கிட்னிய எடுத்துக்கடான்னு அன்னிக்கே வந்து நின்னுருவே. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கே, மச்சானுக்கு வேலை இல்ல. நான் எப்படிக்கா உன்கிட்ட வாங்குறது? அதான்."

கலாதேவி அவன் தோளில் கை வைத்தாள், கை அங்கேயே இருந்தது. நின்னுருவே... எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறான், அவளைப் பற்றி அவளைவிட நிச்சயமாக, இந்த ஒரு வருஷமும் அந்த நம்பிக்கைக்குப் பயந்துதான் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருக்கிறான். அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து அவள் எதையெல்லாம் நினைத்தாள், மங்களத்தை நினைத்தாள், சேலைக்கடையை நினைத்தாள், வேனை, பம்பை, ஸ்டோரில் கிடக்கும் அச்சைக்கூட நினைத்தாள், இது மட்டும், தன் கிட்னி மட்டும் நினைவுக்கு வரவில்லை, அவன் வாயால் சொல்கிற வரைக்கும் வரவில்லை. இப்போது சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம், இரண்டே வார்த்தைதான், அவன் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறான்... தர்மா மறுத்துத் தலையாட்டத் தயாராகிவிட்டவன் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் வாயைத் திறந்தாள், அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று தனக்குள் தேடிக்கொண்டே நின்றாள்.