ஹேட்டியின் மூச்சு

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் கொரீன் வீட்டு ஹால் களைகட்டிவிடும். ஊர் நடுவிலிருந்த பெரிய இசைக்குழுக்கள் கறுப்பர்களுக்கு நாற்காலி தராத காலம். போனால் போகட்டும் என்று மூன்று பெண்கள் சொந்தமாக நாற்காலி போட்டுக்கொண்டார்கள்: எஸ்டெல் வயலின், ஹேட்டி வியோலா, கொரீன் செல்லோ. கொரீனின் கணவர் ஆல்டன் அவர்களுக்கென்றே இசை எழுதுவார். அடுப்பில் கோழி பொரியும். வெளிப்படிக்கட்டில் தெருவே உட்கார்ந்து கேட்கும். ஆஹா, என்ன காலம் அது!

ஆல்டன் எழுதிய மெதுவான மெட்டு ஒன்றில் ஓர் இடம். செல்லோ அடங்குமுன்னே வியோலா எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேட்டி எடுத்தால்தானே! கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து, சாவகாசமாகத்தான் தொடங்குவாள்.

"பஸ்ஸுக்கா காத்திருக்கே? நான் எழுதினபடி ஒரு தடவையாவது வாசியேன்மா!" ஆல்டன் சமையலறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

"எழுதினது நீ, மூச்சு விடறது நான். போய்க் கோழியைத் திருப்பு, போ!" என்பாள் ஹேட்டி.

ஆல்டன் முதலில் இறந்துபோனார். போன குளிர்காலத்தில் ஹேட்டியும் போய்விட்டாள். இன்று வியோலாவோடு புதிதாக வந்திருப்பவர் ரோஸ்கோ, பள்ளிக்கூட இசை வாத்தியார். இதுவும் சரிப்படாவிட்டால் செல்லோவை விற்றுவிடுவதென்று கொரீன் முடிவே கட்டியிருந்தாள்.

அந்த இடம் வந்தது. ரோஸ்கோ சட்டென்று எடுத்துப் போய்விட்டார். கூடவே போகவேண்டிய கிழவிகள் இருவரும் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். யாருக்காக? இனி வராத அந்த மூச்சுக்காக. மெட்டு குப்புற விழுந்தது.

"நான் ஏதாவது தப்பா..." ரோஸ்கோ திருதிருவென்று விழித்தார்.

"உன் மேல தப்பில்லை தம்பி. எங்க ஹேட்டி இங்கே கொஞ்சம் நின்னுதான் வருவா. பழகிப்போச்சு." எஸ்டெல் கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ நானும் நின்னே வரேன்."

சரி என்று சொல்லத்தான் கொரீனுக்கு வாய் வந்தது. ஹேட்டியை இன்னொரு தடவை கேட்ட மாதிரி இருக்குமே! ஆனால் கண் சமையலறை வாசலுக்குப் போயிற்று. பாவம் அந்த மனுஷன், தான் எழுதினபடி ஒரு தடவைகூடக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

"வேண்டாம்பா. எழுதியிருக்கிறபடியே வாசி."

வாசித்தார்கள். செல்லோ ஓயும்போதே வியோலா வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது. அட, இதைத்தானா இத்தனை வருஷமும் கெஞ்சினார்! கொரீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அடுத்த ஞாயிறு சீக்கிரம் வந்துடு தம்பி. கோழியை நீதான் திருப்பணும்," என்றாள்.

பிறகு வெறும் வாசலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "கேட்டியா, ஆல்டன்? ஹேட்டிகிட்ட சொல்லிடாதே."