மோடத்துக்குப் பொறுமை வந்த கதை

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் அந்த வீட்டு மோடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொலைபேசிக் கம்பியில் சின்னதாய் ஒரு முனகல் கேட்டால் போதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, திரையில் ‘நோ கேரியர்’, அதாவது இணைப்பு போயிற்று, என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆளைக் காணோம் என்று போய்விடும். புதுச் சம்பந்தி கூட இவ்வளவு சீக்கிரம் கோபித்துக்கொண்டு பந்தலை விட்டு எழுந்து போக மாட்டார்.

வீட்டு மருமகளின் பிழைப்பு முழுக்க இந்தக் கோபக்காரக் கறுப்புப் பெட்டியை நம்பி இருந்தது. அவள் ஒரு வார இதழுக்குப் பக்கம் வடிவமைப்பவள். கணவனுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது வேலையை விட மனசில்லாமல், வீட்டிலிருந்தே பக்கம் செய்து தொலைபேசி வழியே அனுப்புகிறேன் என்று அச்சக மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவரும் சரி என்றார். ஆனால் முதல் தடவை பாதிப் பக்கத்தோடு லைன் அறுந்தது. இரண்டாம் தடவை முக்கால் பக்கத்தில் அறுந்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் இதழ் கடைக்குப் போக வேண்டிய நாள் யாருக்காகவும் காத்திருக்காது.

“இந்த வாரம் ஒழுங்கா வந்தா வேலை உங்களுக்குத்தான்மா. வரலேன்னா தப்பா நினைக்காதீங்க, நான் இங்கயே ஒரு ஆளைப் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்! பத்து வருஷம் அந்த இதழின் ஒவ்வொரு பக்கமும் அவள் கைபட்டுத்தான் வெளியே போயிருக்கிறது. தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அதை இன்னொருவர் கையில் எப்படித் தூக்கிக் கொடுப்பது?

லைன் ஏன் அறுகிறது என்பது பெரிய ரகசியமில்லை. நாத்தனாருக்கு நிறைமாதம். மாமியார் துணைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தார். மகளிடமிருந்து போன் வரும்போது லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று மாமனார் ‘கால் வெயிட்டிங்’ வசதியைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் நடுவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். மனிதர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி பேசுவார்கள். மோடமோ அந்த ஒரு நொடியில் உறவே முறிந்துவிட்டதென்று முடிவு கட்டிவிடும்.

அந்த வசதியை எடுத்துவிடுங்கள் என்று மாமனாரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நிறைமாதக்காரி கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போனால் நாளைக்கு மருமகளால் தன்னையே மன்னிக்க முடியாது. மோடத்தை மாற்றலாமென்றால் அதுவே பெட்டியும் கையேடும் இல்லாமல் கைமாறி வந்த பொருள். ஆக, மாற வேண்டியது மோடத்தின் குணம்தான்.

ஒருநாள் மத்தியானம் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். ‘ஏ’, ‘டி’ என்று இரண்டு எழுத்தைத் தட்டி எண்டரை அழுத்தினால் மோடம் ‘ஓகே’ என்று பதில் சொல்லும் என்பது அவளுக்கு அச்சகத்திலேயே தெரியும். அதற்கு மேல் என்ன கேட்பது என்பதுதான் தெரியாது. அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் தோன்றியதையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தாள். ‘எரர்’, ‘எரர்’, ‘எரர்’ என்று முகத்தில் அடித்தாற்போல் வந்துகொண்டே இருந்தது. சலித்துப்போய் டாலர் குறியைத் தட்டினாள். மோடம் வாயைத் திறந்துவிட்டது!

தன்னைப் பற்றித் தானே சொல்ல ஆரம்பித்தது அந்தப் பெட்டி. எந்தக் கட்டளைக்கு என்ன செய்யும், தன் வயிற்றுக்குள் எண் போட்ட அறைகள் எத்தனை, எந்த அறையில் இப்போது என்ன எண் இருக்கிறது, எல்லாம் திரை திரையாக வந்தது. முதல் திரையிலேயே அதன் வாயை மூடும் கட்டளை கிடைத்தது. டயல் செய்யும்போது அது போடும் கூச்சலைக் கேட்டு மாமனார், “பூனையை யாரோ மிதிச்ச மாதிரி இருக்குமா” என்று தினமும் சொல்வார். சரி, மாமாவுக்கு ஒரு நல்லது செய்வோம் என்று அதன் ஒலிபெருக்கியை அணைத்தாள். பிறகு அறைகளின் பட்டியலில் பத்தாம் அறைக்கு வந்தாள். எதிர்முனைச் சத்தம் நின்றுபோனால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று அங்கே எழுதியிருந்தது. ஏழு. நொடிகூட இல்லை, நொடியைப் பத்தாக நறுக்கி அதில் ஏழு துண்டு.

“அட பாவி, இவ்வளவுதானா உன் பொறுமை?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

ஏழை எடுத்துவிட்டு நூறு என்று போட்டாள். பத்து நொடி. ‘ஓகே’ என்றது மோடம். கிடைத்த சந்தோஷத்தில் மீதித் திரைகளை அவள் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுகிறவள், அன்றைக்கு மட்டும் பாதியில் மூடிவைத்தாள்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். மாமனாரைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனைக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் நடந்த நடையைப் பார்த்தால் தேசத்துக்கே தகவல் தொடர்பைத் திறந்துவைக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. அவள் அச்சகத்து மோடத்தோடு இணைந்து ஒரு பழைய பக்கத்தை அனுப்ப ஆரம்பித்தாள். எவ்வளவு போயிற்று என்று காட்டித் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று நின்றது. அவளுடைய மூச்சும் நின்றது. பிறகு எண் மறுபடி ஓடியது. லைன் அறுந்துபோகவில்லை!

திரும்பி வந்த மாமனாரிடம், “மாமா, தாங்கிடுச்சு மாமா!” என்று கத்தினாள். அவரும் என்ன தாங்கியது என்று சரியாகப் புரியாமலே கைதட்டினார்.

மறுநாள் காலைதான் பக்கங்கள் போக வேண்டும். குளித்து முடித்து, தெம்பாக உட்கார்ந்து டயல் செய்தாள். மோடம் வீடே அதிரக் கத்தியது. அவசரத்தில் அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. முதல் பக்கம் போனது, இரண்டாம் பக்கம் பாதி போனது, எண் நின்றது. ‘நோ கேரியர்.’

உடனே போன் அடித்தது. மாமியார்.

“ஏம்மா, ரிங் போய்க்கிட்டே இருக்கு, யாருமே எடுக்கல? ஒண்ணுமில்ல, அவருக்கு அந்த நீலச் சட்டை எங்க இருக்குன்னு தெரியாது, பீரோல ரெண்டாவது தட்டு. சொல்லிடு.”

“சொல்லிடறேன் அத்தை” என்றாள். நீலச் சட்டைக்காகப் போனது அவளுடைய வேலை. போனை வைத்ததும் அச்சகத்திலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“மத்தியானத்துக்குள்ள வந்தா பாக்கறேன்மா. இல்லேன்னா இங்க இருக்கற பையனை வெச்சுப் பண்ணிக்கறேன். அவன் பக்கத்துலயே உக்காந்திருக்கான்.”

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானாம்! அவளுக்கு வந்த கோபத்தில் மோடத்தைத் தூக்கி ஜன்னல் வழியே வீசியிருப்பாள். நல்லவேளை, மாமனார் வந்து வாசலில் நின்றார்.

“என்னம்மா, பூனை மறுபடியும் கத்துதே? நேத்து வாயை மூடிட்டேன்னு சொன்னியே.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், கத்தியது. நேற்று அணைத்த ஒலிபெருக்கி இன்று எப்படிக் கத்தும்? அப்படியென்றால் பத்தாம் அறை? உடனே அறைகளின் பட்டியலைக் கேட்டாள். ஏழு. பழையபடி அதே ஏழு. நேற்றைக்குச் சொன்னது எதுவுமே அதற்கு நினைவில்லை.

“மாமா, ராத்திரி இங்க எதையாவது தொட்டீங்களா?”

“நான் எதுக்குமா தொடறேன்? சுவத்து ஸ்விட்சை மட்டும் அணைச்சேன். அது தினமும் அணைக்கறதுதானே.”

தினமும் அணைப்பதுதான். அவர் ஒரு கிடங்கின் பொறுப்பாளராக இருந்தவர். அங்கே ஒரு தடவை ஒயர் கருகித் தீப்பிடித்ததிலிருந்து, எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் சுவரிலுள்ள எல்லா ஸ்விட்சையும் தட்டி அணைத்துவிட்டுத்தான் வருவார். அவள் குளிர்சாதனப் பெட்டியைக் காப்பாற்றவே ஒரு காகிதத்தில் ‘வேண்டாம் மாமா’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். பெற்ற மகனே அவருக்கு மெயின் ஸ்விட்ச் என்று பட்டப்பெயர் வைத்திருந்தான். மின்சாரம் போனதும் மோடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பிறந்த குணத்துக்கே திரும்பிவிட்டிருக்கிறது.

“நான்தான் கெடுத்துட்டேனா?” என்று மாமனார் கேட்டார். முகம் வாடிவிட்டது.

“இல்ல மாமா, நீங்க எப்பவும் பண்றதைத்தான் பண்ணீங்க. இதுக்கிட்ட நினைவுல வெச்சுக்கோன்னு நான் சொல்லாம விட்டுட்டேன் போலிருக்கு.”

அதை எப்படிச் சொல்வது என்பதும் இதற்குள்ளேயே எங்கோ இருக்க வேண்டும். இப்போதைக்கு எண்ணை மறுபடி மாற்றிவிட்டுப் பக்கங்களை அனுப்பிவிடலாம்தான். ஆனால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்? ஒவ்வொரு காலையும் இதற்குப் புத்தி சொல்லிக்கொண்டே குடித்தனம் நடத்த முடியுமா? நேற்று படிக்காமல் விட்ட திரைகளை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தாள். மாமனாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து படித்தார். கடைசித் திரைக்கு வந்தபோது அது கிடைத்தது. ‘அண்ட்’ குறி, பக்கத்தில் ‘டபிள்யூ’. இப்போதிருக்கும் அமைப்பை நிரந்தர நினைவில் எழுது.

ஒலிபெருக்கியை அணைத்தாள். பத்தாம் அறையில் நூறு போட்டாள். பிறகு அந்தக் கட்டளையைத் தட்டினாள். ‘ஓகே.’

“மாமா, இப்ப ஸ்விட்சை அணைங்க.”

“வேண்டாம்மா. பட்டதெல்லாம் போதும்.”

“அட, அணைங்க மாமா. நீங்க அணைச்சாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.”

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்விட்சை அணைக்கத் தயங்கினார். டப். சிவப்பு விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு அவரே போட்டார். கணினி தன் பாட்டுக்கு முக்கி முனகி எழுந்தது. அவள் பட்டியலைக் கேட்டாள். பத்தாம் அறை: நூறு.

“மறக்கல! மாமா, மறக்கல!” அவள் நாற்காலியை விட்டுத் துள்ளினாள். அதுவரை பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி நின்றிருந்த மாமனார், இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கட்டுமா என்று ஆசையாகக் கேட்டார். “பாருங்க” என்றாள். மறுபடியும் நூறு.

டயல் செய்தாள். இந்தத் தடவை மோடம் சத்தமே போடாமல் விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டு போய் எதிர்முனையைப் பிடித்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், அட்டைக்குப் பின்பக்கம். நடுப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது எண் நின்றது.

யாரோ கூப்பிடுகிறார்கள். மாமனாரின் கை தானாக நாற்காலி முதுகைப் பிடித்தது. காலையில் பேசியது மாமியார். அதற்குள் மறுபடியும் என்றால், மகளுக்கு வலி கண்டிருக்குமோ?

“மாமா, வேணும்னா நிறுத்திடறேன்” என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“ரெண்டு பக்கம்.”

அவர் தொலைபேசியை ஒருதரம் பார்த்தார். “அனுப்பும்மா. அவசரம்னா மறுபடி கூப்பிடுவாங்க. உன் வேலையும் வேலைதான்.”

எண் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கியதால் திரை சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். லைனை விட்டதும் போன் அடித்தது. மாமனார் பாய்ந்து எடுத்தார். “என்னம்மா, வலி வந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே அசடு வழிந்து ரிசீவரை நீட்டினார்.

மேனேஜர்தான்.

“எல்லாப் பக்கமும் வந்துடுச்சும்மா, ஒரு எழுத்து குறையல. அது சரி, நடுவுல நான்தான் ஒரு தடவை கூப்பிட்டேன். பக்கம் வருதுன்னு இங்க ஆள் சொல்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டுட்டேன். உங்களுக்கு ரிங் போச்சு, ஆனா இங்க பக்கம் பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு. மத்த ஊர்லேருந்து அனுப்பறாங்களே ரெண்டு பேர், அவங்களுக்கு யாராவது கூப்பிட்டா உடனே அறுந்துடுது. உங்களுக்கு இதைச் சரிபண்ணிக் குடுத்த ஆள் யாரு? நம்பர் இருந்தா குடுங்க, அவங்களையும் பேசச் சொல்றேன்.”

“இதே நம்பர்தான் சார்” என்றாள் அவள். “நான்தான் பண்ணேன்.”

எதிர்முனையில் அவர் திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னார். அச்சு எந்திரச் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

“அப்ப அந்த ரெண்டு பேரையும் உங்களையே கூப்பிடச் சொல்றேன்” என்றார் மேனேஜர். “அடுத்த வார மேட்டரை, கட்டுரை, படம் எல்லாத்தையும், இன்னைக்கே பார்சல் கட்டி உங்களுக்கு அனுப்பிடறேன். பக்கத்துல உக்காந்திருக்கற பையனை பைண்டிங்குக்குப் போகச் சொல்லிட்டேன்.”