எட்டுக் கிரகமும் ஒரு கோல்போஸ்டும்

எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடே நடுங்கிய 1962 பிப்ரவரியில்தான் என் தம்பி அய்யாவுவின் பெண்டாட்டி பாஞ்சாலிக்கு நிறைமாதம். ரஷ்யாக்காரன் வானத்தைச் சுற்றிவிட்டுச் சௌக்கியமாக இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் கண்ணில் எந்தச் சனியும் படவில்லை. ஆனாலும் எங்கள் பேட்டையான நீலசந்திராவில் ஓட்டுக் கேட்டு அலறும் ஜீப்புகள்கூட அந்த இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. வேட்பாளருக்கும் உயிர் வெல்லம்தானே.

கூரை இடிந்து விழும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சனிக்கிழமையே தெரு முழுக்கப் பாயும் பானையுமாக ஃபுட்பால் மைதானத்தில் குடியேறிவிட்டது. எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆளில்லாத தெருவில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வது? நாங்களும் போனோம்.

அய்யாவுக்கு வேறு பயம். திங்கட்கிழமை கிரகங்கள் பிரிவதற்குள் பிள்ளை பிறந்தால் அது அப்பனை விழுங்கிவிடும், அப்பன் அதன் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று ஒரு ஜோசியன் சொல்லிவிட்டான். இவன் நேராக ஓர் அநாதை இல்லத்துக்குப் போய், பிள்ளையைக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டு வந்தான். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவனுக்குத் தன் பிள்ளையைத் தூக்கப் பயம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாஞ்சாலிக்கு வலி கண்டது.

“அக்கா, நாளைக்கி வரைக்கும் தாங்கிக்கச் சொல்லேன்” என்றான்.

“அடக்கி வெச்சுக்க அது இன்னா தும்மலாடா? போடா அப்பால!”

“நான் பாக்கமாட்டேன். பொறந்ததும் பவுலினம்மா எடுத்துனு போயிடட்டும். பேஜார் பண்ணாதே.”

பவுலினம்மா எங்கள் பக்கத்தில் பிரசவம் பார்க்கிறவர். பாஞ்சாலி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, எம்புள்ளைய குடுத்துடாதீங்க” என்றாள். புருஷன் வேண்டாம் என்றால் அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பொம்பளைகள் என்ன செய்துவிட முடியும்?

அய்யாவு மைதானத்தின் மறுகோடிக்குப் போய், எதிர் கோல்போஸ்டின் அடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நாங்கள் இந்தப் பக்கத்துக் கோல்போஸ்டில் புடவைகளைக் கட்டி மறைத்தோம். அதற்குள்தான் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை.

அது அழவில்லை.

பவுலினம்மா வாயைத் துடைத்தார், தலைகீழாகப் பிடித்தார், முதுகில் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை. உலகம் பிழைக்க மைதானத்தில் பஜனை பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். “போறதும் நல்லதுக்குத்தான்” என்று வெளியே ஒருத்தி சொன்னது கேட்டது. பாஞ்சாலி என் மடியில் கிடந்தாள், இல்லையென்றால் எழுந்துபோய் அறைந்திருப்பேன்.

அப்போது ஓடிவரும் காலடிச் சத்தம். புடவையைக் கிழித்துக்கொண்டு அய்யாவு உள்ளே விழுந்தான்.

“ஏன் அழமாட்டேங்குது? அழ வைங்கம்மா!”

பார்க்கவே கூடாது என்றவன், மண்டி போட்டு அந்தச் சின்ன முகத்துக்கு நேராகக் குனிந்தான். “டேய், நைனா வந்துட்டேன்டா. அழுடா, ராஜா. அழுடா.”

பவுலினம்மா உள்ளங்காலில் சுண்டினார். இன்னொரு முறை சுண்டினார். பிள்ளை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக அய்யாவு அழுதான்.

“நான் கொண்டு போகட்டுமா, அய்யாவு?” என்று பவுலினம்மா கேட்டார்.

அவன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினான். “வர்றது வரட்டும்மா. என்கிட்டயே குடுங்க.”

உலகமும் அழியவில்லை, அய்யாவும் சாகவில்லை. அந்தப் பிள்ளைதான் அப்பாதுரை. பின்னாளில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஒன்றில் சம்பளத்துக்குக் கோல் காத்தான். ஆட்டம் பார்க்க எங்களையும் அழைத்துப் போவான். அய்யாவு எப்போதும் மகனுடைய கோலுக்குப் பின்னால்தான் உட்காருவான். இடைவேளையில் இரண்டு அணியும் பக்கம் மாறுமே, அப்போது முட்டிவலியோடு எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி அந்தக் கோடிக்கு நடப்பான்.

“இங்கிருந்தே நல்லாத் தெரியுதேடா, உக்காரு” என்பேன்.

“அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு உக்கார என்னால ஆவாதுக்கா” என்பான்.