நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படிகள்

கோபுரத்தில் ஏறியபோது யாரும் என்னைத் தடுக்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர் வழியும் விட்டார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. மூச்சு வாங்க ஏறி, பொலோன்யாவின் ஓட்டுக் கூரைகளைப் பின்னால் வைத்துப் படம் எடுத்து, அமெரிக்காவில், டுலூத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு இறங்கினேன். இத்தாலிக்குப் படிக்க வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இறங்கிய பிறகுதான் ஊரே கூடி விஷயத்தைச் சொன்னது.

முதலில் சொன்னவள் ஒர்னெல்லா. என் அடுத்த அறைக்காரி. தெற்கே லெச்சேயிலிருந்து வந்து புள்ளியியல் படிக்கிறவள். மத்தியானம் பாஸ்தா வடித்துக்கொண்டிருந்தவளிடம் படத்தைக் காட்டினேன். சட்டியை அப்படியே அடுப்பில் திரும்ப வைத்துவிட்டாள்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். மேல காத்து பிச்சுக்கிட்டுப் போச்சு."

"பட்டம் வாங்குறதுக்கு முன்னாடி யாருமே அதுல ஏற மாட்டாங்கடி. ஏறினா பட்டமே கிடைக்காது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பாஸ்தா குழைந்துபோனது. அந்த வீட்டில் அது அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை.

விதிகளுக்கு அந்த வீட்டில் பஞ்சமே கிடையாது. ஈரத் தலையோடு வெளியே போகக் கூடாது. கட்டில்மேல் தொப்பி வைக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபி குடிக்கக் கூடாது. பரீட்சைக்குப் போகிறவளிடம் நல்லா செய் என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். ஓநாய் வாய்க்குள் போ என்றுதான் வாழ்த்த வேண்டும். அவள் அது சாகட்டும் என்று பதில் சொல்ல வேண்டும். மின்னசோட்டாக்காரியான எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. எங்கள் கல்லூரி வாசலில் நிறுவனரின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் அவருடைய இடது பூட்ஸைத் தேய்த்துவிட்டுப் போவோம். தேய்த்துத் தேய்த்து அது பளபளக்கும். ஆனால் அது மூடநம்பிக்கை அல்ல, மரபு.

கல்லூரி என்னை ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பியிருந்தது. பொலோன்யாவில் நிகழ்தகவுப் பாடத்தில் தேறி வந்தால் மே மாதம் பட்டம். தேறாவிட்டால் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அம்மா நான் விமானம் ஏறுவதற்கு முன்பே பட்டமளிப்பு விழாவுக்குச் சித்தப்பாக்கள் மூன்று பேரை அழைத்து, கேக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கே பரீட்சை எழுதுவதில்லை. எல்லாரும் பார்க்க, புரொபசர் எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். புத்தகம் எழுநூறு பக்கம். அதைப் படித்துத் தேறியவர் யாரும் இல்லை. புரொபசர் மாஸ்ஸெத்தி இருபது வருடமாக நாற்பது கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார். அறையை விட்டு வெளியே வந்தவர்கள் ஞாபகம் வைத்து எழுதி, கை மாறி மாறி வந்த பட்டியல் அந்த வருடம் கொர்ராதோவிடம் இருந்தது. அவன்தான் எங்கள் படிப்புக் குழுவுக்குத் தலைவன். வெயில் காலத்திலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு திரிகிறவன்.

கோபுரச் செய்தி அவன் காதுக்குப் போக ஒரு நாள்தான் ஆனது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகக் குழுவிலிருந்து கழற்றிவிட்டான்.

"தப்பா எடுத்துக்காத டெஸ்ஸா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா இது இருபது பேரோட பரீட்சை பாரு."

அந்த இருபது பேரும் எதற்கு எது காரணம், எது தற்செயல் என்று மூன்று வருடமாகக் கணக்குப் போட்டுப் படிக்கிறவர்கள். எனக்கு வந்த கோபத்தில் அவன் கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றலாம் போல இருந்தது. நூலகத்தில் காலை எட்டு மணிக்கே நாற்காலிக்கு அடிதடி நடக்கும். என்னைச் சுற்றி மட்டும் நான்கு நாற்காலி காலியாகக் கிடந்தன. ஒன்றில் கோட்டு, ஒன்றில் பை, ஒன்றில் கால் என்று ராஜ்ஜியம் செய்தேன். சபிக்கப்பட்டவளுக்கும் சில சௌகரியங்கள் உண்டு.

டிசம்பரில் பயம் வந்துவிட்டது. சத்தியமாகக் கோபுரத்தை நினைத்து அல்ல, எழுநூறு பக்கத்தை நினைத்துத்தான். ஆனால் பயம் வந்தவள் எந்த வாசலையும் தட்டுவாள். பரிகாரம் ஏதாவது உண்டா என்று ஒர்னெல்லாவிடம் கேட்டேன். இதற்காகவே காத்திருந்தவள்போல அவள் லெச்சேயில் இருக்கும் தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். தோனாத்தா அம்மா கண்ணேறு கழிப்பதில் பெயர் பெற்றவர். தட்டில் தண்ணீரும் கிண்ணத்தில் எண்ணெயுமாகத் தயாராக உட்கார்ந்தார்.

"உங்கம்மா பேரு என்ன பிள்ள?"

"காரென்."

அவர் மகளைப் பார்த்தார். "அந்தப் பேருல புனிதர் யாராச்சும் இருக்காங்களா?"

இருப்பதாக ஒர்னெல்லா தைரியமாகப் பொய் சொன்னாள். மூன்று சொட்டு எண்ணெய் தண்ணீரில் விழுந்து தட்டு முழுக்கப் பரவியது. மூன்று பேர் கண் என்மேல் இருக்கிறது, அதில் ஒருவன் கழுத்து மூடினவன் என்றார் தோனாத்தா அம்மா. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொர்ராதோவைப் பற்றி மகள் தினமும் அம்மாவிடம் புலம்புவது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஏதோ முணுமுணுத்து, தண்ணீரை மூன்று தடவை மாற்றி, கண்ணை எடுத்தாகிவிட்டது என்று அறிவித்தார். கோபுரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுன்னா எடுத்துடுவேன் பிள்ள. கோபுரம் பொலோன்யா சமாச்சாரம். லெச்சேல உக்காந்துகிட்டு நான் அதுல கை வைக்க முடியாது."

தங்கும் அனுமதிக்குப் போனபோது தபால் நிலையத்திலும் காவல் நிலையத்திலும் கேட்ட அதே பதில். இது எங்கள் ஜன்னல் இல்லை, அடுத்த ஜன்னலுக்குப் போங்கள். அந்த நாட்டில் சாபத்துக்கும் எல்லைக்கோடு உண்டு.

ஜனவரியில் பரீட்சை. கதவில் ஒட்டியிருந்த வரிசையில் நான் ஏழாவது, கொர்ராதோ எட்டாவது. ஐந்தாவது ஆள் உள்ளே போனதும் அவன் வியர்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். மூன்று மாதத்தில் அவன் என்னை இவ்வளவு நெருங்கியது அதுதான் முதல் தடவை.

"நீ கடைசிக்குப் போயிடேன் டெஸ்ஸா. உனக்கு அடுத்து யாரும் உள்ள போகக் கூடாது, அவ்வளவுதான்."

"போறேன். நாப்பது கேள்வியைக் குடு."

கிட்னியைக் கேட்டதுபோலப் பார்த்தான். ஆறாவது ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். பையைத் திறந்து கொடுத்துவிட்டான்.

அதற்கு மேல் நான்கு மணி நேரம் நடைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தேன். கதவு திறந்தே இருந்ததால் மற்றவர்கள் சொன்ன பதில்களும் அதற்கு அவர்கள் வாங்கிய திட்டும் காதில் விழுந்தன. இவ்வளவு நல்ல வகுப்பு அந்த ஊரில் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஒர்னெல்லா முப்பதுக்கு இருபத்துநான்கு வாங்கினாள். கொர்ராதோவுக்கு மனசெல்லாம் என் கையில் இருந்த காகிதத்தில்தான் இருந்தது. மூன்றாவது கேள்வியில் திணறினான். அடுத்த மாதம் வாருங்கள் என்று புரொபசர் அனுப்பிவிட்டார்.

நான் உள்ளே போகும்போது ஒன்றரை மணி. மாஸ்ஸெத்திக்கு நல்ல பசி. மற்றவர்கள் பதில் சொல்வதைக் கேட்க எப்போதும் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்களே, இன்றைக்கு ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அதையே கேக்கறேன். கோபுரத்துல ஏறுறதுக்கும் பட்டம் கிடைக்காம போறதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நாற்பதில் இல்லாத கேள்வி.

"கண்டுபிடிக்க முடியாதுங்க. ஏறினவங்க கணக்கு வேணும். பயத்துல யாரும் ஏறுறதே இல்ல. எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்திதான். ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்ல முடியாது."

அவர் முகம் மலர்ந்தது. பட்டியலிலிருந்து இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் சொன்னேன். முப்பதுக்கு இருபத்தெட்டுப் போட்டார். அந்தத் துணிச்சலில், நீங்கள் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். காகிதங்களை அடுக்கிக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தார்.

"நான் பட்டம் வாங்கி முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

"அப்ப ஏறலாமே?"

"பென்ஷன் வரட்டும்" என்று சாப்பிடப் போய்விட்டார்.

பட்டியலைக் கொடுத்தபோது விரலோடு விரல் பட்டு, சாபம் தன்மேல் தாவிவிட்டதாகக் கொர்ராதோ ஊரெல்லாம் சொன்னான். நான் தோற்றிருந்தால் கோபுரத்தால். அவன் தோற்றாலும் கோபுரத்தால். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லக்கூட ஒரு காக்கை வேண்டும். இவர்களுக்குப் பனம்பழமே போதும்.

நான் வெற்றியோடு ஊர் திரும்பினேன். மார்ச்சில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நிகழ்தகவு: 28. தோல்வி.

பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். இருபத்தெட்டு என்று பார்த்ததும் நூற்றுக்கு என்று வைத்துப் போட்டிருக்கிறார்கள். முப்பதுக்கு என்று நான் சொன்னதை ஜன்னலில் இருந்த ப்ரெண்டா என்ற அம்மாள் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். ஆனால் அதை அந்த ஊர்க்காரர்கள் முத்திரை வைத்து எழுதித் தர வேண்டும் என்றார். அங்கே அலுவலகம் செவ்வாயும் வியாழனும் காலையில் இரண்டு மணி நேரம்தான் திறக்கும். எனக்காக ஒர்னெல்லா வரிசையில் நின்றாள். முதல் தடவை முத்திரை வைப்பவர் விடுமுறை. அடுத்த தடவை முத்திரை இருந்தது, கையெழுத்துப் போடுபவர் விடுமுறை. அதற்கப்புறம் ஈஸ்டர்.

விழா மே பதினெட்டாம் தேதி. என் வகுப்பு மேடையில் தொப்பியைத் தூக்கி எறிந்தபோது நான் பார்வையாளர் வரிசையில் அம்மாவுக்கும் மூன்று சித்தப்பாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கேக்கை ரத்து செய்ய முடியவில்லையாம், அதனால் வீட்டுக்கு வந்து அதையும் வெட்டினோம். என் பெயருக்குக் கீழே 'பட்டதாரி' என்று சர்க்கரையில் எழுதியிருந்தது. அந்தத் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ஊரில் படித்திருக்கலாம் என்று நூறாவது தடவையாகச் சொன்னாள்.

ஜூன் மாதம் கடிதம் வந்து சேர்ந்தது, இரண்டு முத்திரையோடு. ப்ரெண்டா ஒரே நிமிடத்தில் மதிப்பெண்ணைத் திருத்தினார். டிசம்பரில் பட்டம் வந்துவிடும், கவலைப்படாதே என்றார். பிறகு கடிதத்தின் தலைப்பைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"பொலோன்யாவா! நானும் படிக்கிறப்ப ஒரு செமஸ்டர் அங்கதாம்மா இருந்தேன். அந்தக் கோபுரம் இருக்கே, அதுல ஏறினியா? மேலேருந்து பாத்தா என்ன அழகு."

எந்த வருடம் பட்டம் வாங்கினீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"அதுவா, நாலு பாடம் பாக்கி நின்னு போச்சு. ஏதாவது ஒரு தடங்கல் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதுவரைக்கும்னு இந்த ஜன்னல்ல உக்காந்தேன். முப்பது வருஷம் ஆகுது."

வெளியே வந்தேன். ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று புரொபசரிடம் சொன்னவள் நான். இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம். நிறுவனர் சிலையின் இடது பூட்ஸைத் தேய்த்தேன். யோசித்துவிட்டு வலது பூட்ஸையும் தேய்த்தேன். அப்புறம் விடுமுறைக்கு லெச்சே போயிருந்த ஒர்னெல்லாவுக்குப் போன் போட்டு, உங்கள் அம்மாவின் எல்லைக்குள் மின்னசோட்டா வருமா என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"லைன்லயே இருடி. அம்மா தட்டு எடுக்கப் போயிருக்காங்க."