உட்கார முடியாதவள்

நாகல் நகரில் அறிவுச்செல்வி நடத்திய எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிறவர்கள் அவளை நின்ற கோலத்தில்தான் பார்த்திருப்பார்கள். நின்றுகொண்டே நம்பர் போட்டுக் கொடுப்பாள், நின்றுகொண்டே பில் கிழிப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் வாசலுக்கும் உள் சுவருக்கும் நடந்துகொண்டிருப்பாள். "ஒக்காந்து வேல பாக்கலாம்ல தாயீ, காலு கடுக்கலயா?" என்று பழக்கடைக்காரர் ஒருநாள் கேட்டபோது, "ஒக்காந்தா தூக்கம் வருதுண்ணே" என்று சிரித்துச் சமாளித்தாள்.

உட்கார்ந்தால் எரிந்தது. ரெக்சின் நாற்காலியில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், கீழே மிளகாய் அரைத்துத் தடவினாற்போல ஆகிவிடும். எரிச்சல் இல்லாத நாளில் அரிப்பு. அதற்கு நேரம் காலம் கிடையாது. கோயிலில் பூசை நடக்கும்போது வரும், பஸ்ஸில் ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து நிற்கையில் வரும், ஒருத்தர் துபாய்க்குப் பேசிவிட்டு வந்து சில்லறை நீட்டும்போது வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சில்லறையை வாங்கிப் போடுவாள்.

ஒரு விஷக்காய்ச்சலுக்கு ஊசி மாத்திரை எல்லாம் எடுத்து முடித்த மாதத்தில் அது தொடங்கியது. தயிர் திரிந்தாற்போல வெள்ளைப்பட்டது. சூடு என்றார்கள். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தாள், மோர் குடித்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். மெடிக்கல் ஸ்டோரில் போய், தொடையிடுக்கில் அரிப்பு என்று பாதி பொய் சொன்னாள். கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். தடவினால் சில நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அவள் கணவன் அந்தோணிராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினான். போனால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். வந்தால் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவான். ஆறாவது படிக்கும் மகளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்காமல் வரமாட்டான். அதிகம் பேசாதவன். அவன் பக்கத்தில் படுத்த மறுநாள் செல்விக்கு வலி கூடும். சிறுநீர் கழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை, ஒரு டாக்டரிடம் போகும்வரை.

டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவள் சொல்லத் தொடங்கியதுமே எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"லாரி டிரைவர், சார்."

பேனா நின்றது. அதுவரை பார்க்காத முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"வெளியூர்ல தங்குவாரோ?"

"கேரளா லைன் சார்."

"ரெண்டு பேரும் பிளட் டெஸ்ட் எடுத்துருங்க. பயப்படாதீங்க. ஒரு சந்தேகத்துக்குத்தான்."

என்ன டெஸ்ட் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் லாரி படம் போட்டு எழுதியிருந்த எய்ட்ஸ் வாசகத்தை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தோணிராஜிடம் சொன்னபோது அவன் டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தான். பிறகு, "எடுத்துட்டாப் போச்சு" என்று சட்டையை மாட்டினான். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. ரிப்போர்ட்டை அவள் கையில்தான் கொடுத்தான்.

ஆனால் டாக்டர், "இப்ப இல்லேன்னாலும் சில மாசம் கழிச்சு ஒரு தடவ பாத்துக்கறது நல்லது" என்றிருந்தார். அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் இன்னும் எரிகிறது? எங்கிருந்து வந்தது? மாவு ஆட்டும்போதும் துணி அலசும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைத் துவைக்குமுன் மோந்து பார்க்கத் தொடங்கினாள். ஒரு மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"பாலக்காட்டுல எங்க தங்குவீங்க?"

"லாரிலதான். வேற எங்க?"

"ஒரு நாளும் வெளிய தங்குனதில்லயா?"

"என்ன கேக்குற நீ?"

"எனக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்."

அவன் தட்டைப் பார்த்தான். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. எழுந்து கையைக் கழுவினான்.

"வீட்டுல ஒக்காந்து பேசுற பேச்சா இது" என்றான். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு அவனாகவே தூரத்து லோடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வருகிற நாளில் பாயை முன்னறையில் விரித்துக்கொண்டான், ஓடிவரும் மகளையும் தள்ளி உட்காரச் சொன்னான். செல்வி மகளோடு உள்ளே படுத்தாள். சண்டை எதுவும் இல்லை. குழம்பு ஊற்றவா, போதுமா, சாவி எங்கே. அவ்வளவுதான் வீட்டில் பேச்சு.

ஹுஸ்னா வெள்ளிக்கிழமைதோறும் பூத்துக்கு வருவாள். பின் தெருவில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்து மருமகள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவள் கணவன் முனீர் வளைகுடாவில், தம்மாமில் வேலையில் இருந்தான். அந்தக் கோடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மின்விசிறி ஓடவில்லை. அதனால் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசினார்கள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்காத மாதிரி இருக்க செல்வி பழகியிருந்தாள். அன்றைக்குக் கேட்டுவிட்டது.

"நீங்க அங்க இருந்துகிட்டு, சுத்தமா இருந்தியா, குளிச்சியான்னு கேக்காதீங்க. நான் எத்தன தடவ கழுவுறேன்னு அல்லாவுக்குத் தெரியும். மாமிட்ட என்னன்னு சொல்ல? ஒரு எடத்துல ஒக்கார முடியல. தொழுகும்போது கூட ஒக்கார முடியல..."

ஹுஸ்னா வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பில் ஓடி முடிக்க நேரமானது.

"ஒக்காரு ஹுஸ்னா" என்றாள் செல்வி.

"இல்லக்கா. நிக்கிறேன்."

"எனக்கும் அப்படித்தான்."

ஹுஸ்னா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர் உள்ளூர் கால் பேச வந்தார். லைன் கெட்டிருக்கிறது என்று செல்வி அவரைத் திருப்பி அனுப்பினாள்.

"எம்புட்டு நாளா?"

"நோன்புக்கு முந்தியிருந்து. எரியுதுக்கா. தண்ணி பட்டாலே எரியுது."

"ஒங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போயி?"

"ரெண்டு வருசம் ஆகப்போவுது. ஏன்க்கா?"

செல்வி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரெண்டு வருசம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கிறான், இங்கே இவளுக்கு எரிகிறது. அப்படியானால்? அவள் வாசலுக்கு நடந்தாள், திரும்பி வந்தாள். இத்தனை மாதம் கல்லாக வைத்திருந்த சந்தேகம் கைக்குள்ளேயே நொறுங்குவது போலிருந்தது. நொறுங்கட்டும் என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது.

"பழனி ரோட்டுல ஒரு லேடி டாக்டர் வந்துருக்காகளாம். போவமா?"

"மாமி விடமாட்டாக."

"துணி எடுக்கத் துணைக்கு வேணும்னு நான் வந்து கேக்குறேன்."

திங்கட்கிழமை போனார்கள். செல்வி முதலில் உள்ளே போனாள். நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளைப்படுது, அரிப்பு என்று மனப்பாடமாகச் சொன்னதையே சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டார். நரைத்த தலை, தடிமனான கண்ணாடி.

"சரி, அங்க போயிப் படுங்க. பாக்கணும்."

செல்விக்குப் புரியவில்லை. "எதுக்கு டாக்டர்?"

"பாக்காம எப்படிம்மா சொல்றது? இதுக்கு முன்ன யாரும் பாக்கலயா?"

இல்லை. அவள் போன எந்த இடத்திலும் யாரும் பார்க்கவில்லை. அவளும் காட்ட வேண்டும் என்று நினைத்ததில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படுத்தாள். டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். இது வலிக்குதா, இது, என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இத்தனை நாள் யாரிடமும் பதில் சொல்ல வாய்க்காததால், எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள்.

"ரொம்ப தாகம் எடுக்குதா?"

"ஆமா. வெயிலுக்கு."

"ஒண்ணுக்கு அடிக்கடி போறீங்களா? வீட்டுல யாருக்காவது சுகர்?"

"எங்கம்மாவுக்கு. எனக்கு இன்னும் முப்பத்தஞ்சே ஆகல டாக்டர்."

"அதுக்கென்ன. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுங்க."

செல்வி சேலையைச் சரிசெய்தபடி நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"இது அவர்ட்டருந்து வந்ததா?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். "எவர்ட்டருந்தும் வரணும்னு இல்ல. இது பூஞ்சை. எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும். சுகர் ஏறுனா, ஊசி மாத்திர நெறைய போட்டா, பெருகிரும். யாரு அவர்ட்டருந்துன்னு சொன்னது?"

யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பேனா நின்றது. அவ்வளவுதான்.

ஹுஸ்னா உள்ளே போனாள். தனியாகப் படுக்கப் பயந்து செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, இவளுக்குப் பூஞ்சை இல்லை என்றார். தோல் வெந்துபோயிருக்கிறது. என்ன போட்டுக் கழுவுகிறாய் என்று கேட்டார். வெந்நீரில் புண் கழுவும் மருந்து ஊற்றி, பிறகு சோப்பு, பிறகு மறுபடியும் மருந்துத் தண்ணீர் என்றாள் ஹுஸ்னா. பையிலிருந்து ஒரு ட்யூபையும் எடுத்துக் காட்டினாள். தன் வீட்டில் இருப்பதும் அதே ட்யூப்தான் என்றாள் செல்வி.

"இத நாள்கணக்கா போட்டா தோலு மெலிஞ்சிரும். ரெண்டு பேருமே தூக்கிப் போடுங்க. நீ வெறும் பச்சத்தண்ணில கழுவு, போதும். நைலான் வேண்டாம், பருத்தித் துணி போடு. ஆற நாளாகும். ஆறும்."

"நான் அழுக்கா இருக்கேன்னு நெனச்சேன் டாக்டர்" என்றாள் ஹுஸ்னா. அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள். செல்வி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். திரும்பும் வழியில் மாமிக்குக் காட்ட ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்த செல்விக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்த சந்தோஷம். பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் அது போய்விட்டது. இன்று லோடு ஏற்றிக் கிளம்பும் அந்தோணிராஜ் நாளை மறுநாள்தான் வீட்டுக்கு வருவான். அதுவரை இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளால் பூத்தில் நடந்துகொண்டிருக்க முடியாது. கடையைத் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறி, இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றாள்.

மார்க்கெட்டில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் வழி தெரியாமல் நின்றவளிடம், "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்று ஒரு சுமைக்காரர் கேட்டார். பெயரைச் சொன்னாள். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அந்தோணிராஜ் அவளைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாப்பாவுக்கு என்ன?"

"அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. ஒண்ணுமில்ல. எனக்குச் சுகராம்."

லாரியின் மறுபக்கம் கூட்டிப்போனான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் படுக்கச் சொன்னது, பூஞ்சை, ஹுஸ்னா, ட்யூப். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். "ஒங்களால இல்லயாம்" என்பதைக் கடைசியாகச் சொன்னாள்.

அவன் கையில் ஒட்டியிருந்த சணல் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் டெஸ்ட் எடுத்து ஒன் கையிலதான் குடுத்தேன். அப்ப நம்பல. இப்ப டாக்டரம்மா சொன்னதும் நம்புற."

"ஆமா" என்றாள்.

"வண்டி கெளம்பணும்" என்றான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான். ஏறும்போது, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டான்.

மருந்து வேலை செய்தது. ஆனால் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சர்க்கரை இறங்க இறங்க அரிப்பும் குறைந்தது. மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் திரும்பி வந்து பயமுறுத்தியது. அப்போதெல்லாம் பழைய ட்யூபைத் தேடிக் கை பரபரத்தது. எடுக்கவில்லை. ஹுஸ்னாவுக்கு மழைக்காலத்தில் புண் ஆறியது. முனீரிடம் போனில் டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிட்டு, "இனிமே குளிச்சியான்னு கேட்டா போன வச்சிருவேன்" என்று சொன்னது பூத் முழுக்கக் கேட்டது.

அந்தோணிராஜ் முன்னறையிலேயே படுத்தான். செல்வி கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? கிறிஸ்துமஸ் கழிந்து, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தான். டாக்டரிடம் சந்தேகங்கள் கேட்டான். திரும்புகையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் எஞ்சினை அணைத்துவிட்டார்கள். இருவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள்.

"நான் இன்னும் ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தேன்" என்றான் ஜன்னலைப் பார்த்தபடி.

"எப்ப?"

"நீ கேட்டதுக்கு அப்புறம். திருச்சூர்ல. பொண்டாட்டியே கேக்குறாளேன்னு எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு. எங்கயாவது சலூன்ல சேவிங் பண்ணுனப்ப வந்துருக்குமோ, ஊசி போட்டப்ப வந்துருக்குமோன்னு. ரிசல்ட் வர்ற வரைக்கும் பாப்பாவத் தொடக்கூடப் பயம்."

அவன் தூரத்து லோடுகளைக் கேட்டு வாங்கியதும், வந்த நாளில் மகளைத் தள்ளி உட்காரச் சொன்னதும் கோபத்தால் என்றே அவள் நினைத்திருந்தாள். அவனும் அவளைப் போலவே ஒரு நிமிடம்கூட நிம்மதியில்லாமல் ஊர் ஊராக அலைந்திருக்கிறான்.

"தனியாவா போனீங்க?"

"கூட யாரக் கூட்டிட்டுப் போக?"

ரயில் வந்தது. சரக்கு ரயில். நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. செல்வி கையை நீட்டி அவன் கைமேல் வைத்தாள். அவன் எடுத்துவிடவில்லை. கேட் திறந்ததும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.